பல்கலைக்கழகம் மாறிய கல்லூரி அணி பிழைத்துக்கொள்வது எப்படி? புதுக்கோட்டையிலிருந்து ஒரு கையேடு

2024 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி. என்ற இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும், வடக்கே ஆரிகன், வாஷிங்டன் பல்கலைக்கழகங்களும், காலங்காலமாக ஆடிவந்த பசிபிக் வட்டாரப் போட்டி அமைப்பை உதறிவிட்டு, நாட்டின் நடுப்பகுதியில் பிறந்த ‘பிக் டென்’ அமைப்பில் போய்ச் சேர்ந்தன. பெயரில்தான் டென், உள்ளே இருப்பவர்கள் 18 பேர். ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இன்னும் ஒரு படி மேலே போய், ‘அட்லாண்டிக் கரை’ என்று பெயர் வைத்திருக்கிற அமைப்பில் சேர்ந்துகொண்டன. இரண்டும் இருப்பது பசிபிக் கரையில். நாகப்பட்டினத்துக் கல்லூரி மலபார் லீக்கில் ஆடுகிற கணக்கு. விட்டுவந்த பழைய வீட்டில் விளக்கேற்ற மிஞ்சியவை இரண்டே பல்கலைக்கழகங்கள்.

காரணம் டி.வி. ஒளிபரப்புக் காசு. ஆகவே அங்கே இடம் மாறுகிறவர்களுக்கு யோசனை சொல்ல வக்கீல், ஆடிட்டர், விளம்பர நிறுவனம் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. நம் ஊரில் பல்கலைக்கழகம் மாற்றப்பட்ட கல்லூரியின் பி.டி. சாருக்கு யார் இருக்கிறார்கள்? கையில் ஒரு அரசாணை நகல், பீரோவில் பழைய பெயர் போட்ட பன்னிரண்டு பனியன், வாசலில் “சார், இந்த வருஷம் சோனல் எங்க சார்?” என்று கேட்கும் கபடி கேப்டன். அவ்வளவுதான். அவருக்காகவே இந்தக் கையேடு.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்றால், புதுக்கோட்டைக்காரன் என்பதுதான். இடம் மாற்றி வைக்கப்படுவதில் எங்களைவிட அனுபவஸ்தர்கள் கிடைப்பது கஷ்டம். 1948 மார்ச் 3 வரை தனி சமஸ்தானம். அதன் பிறகு திருச்சி மாவட்டத்தில் ஒரு துண்டு. 1974 ஜனவரி 14 முதல் தனி மாவட்டம். அப்போது தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அறந்தாங்கிக்காரர்களும் எங்களோடு வந்து சேர்ந்தார்கள். 2008 தொகுதி மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே காணாமல் போய்விட்டது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்குப் போயின, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. ஒரே மாவட்டம், நான்கு எம்.பி. சொத்துப் பிரித்தால்கூட அண்ணன் தம்பிகள் இவ்வளவு சுத்தமாகப் பிரிக்கமாட்டார்கள்.

கல்லூரிக் கதையும் இதேதான். புதுக்கோட்டை மன்னர் கல்லூரி சமஸ்தானத்துச் சொத்தாக இருந்த காலத்திலேயே அதன் பரீட்சையும் பட்டமும் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில். ராஜா தனி, கொடி தனி, அம்மன் காசு தனி; பி.ஏ. மட்டும் மெட்ராஸ். 1982இல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கியது. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கல்லூரிகள் எல்லாம் ஒரு சட்டத்தில் அதற்குள் வந்துவிட்டன. படிப்பைப் பொறுத்தவரை அது மார்க் ஷீட்டில் முத்திரை மாறிய சமாச்சாரம். விளையாட்டைப் பொறுத்தவரை எதிரிகள் மொத்தமாக மாறிய சமாச்சாரம்.

போவதா வேண்டாமா என்று யோசிக்காதீர்கள்

அமெரிக்காவில் இதற்குத்தான் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. உங்களை யாரும் கேட்கப்போவதில்லை. சட்டசபையில் மசோதா நிறைவேறிய பிறகு, பேப்பரைப் பார்த்துத்தான் நீங்கள் எந்தப் பல்கலைக்கழகம் என்று தெரிந்துகொள்வீர்கள். 

பொறியியல் கல்லூரிகளைக் கேட்டுப் பாருங்கள். எண்பதுகளின் நடுவில் இந்தப் பகுதியில் தொடங்கிய கல்லூரி என்றால் முதலில் பாரதிதாசன். 2001இல் மாநிலத்துப் பொறியியல் கல்லூரிகளையெல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். 2007இல் அண்ணாவையே பிரித்தார்கள். நம்முடையது அண்ணா பல்கலைக்கழகம் திருச்சி. 2012இல் பிரித்ததை மறுபடி ஒட்டினார்கள், திரும்பவும் சென்னை. கட்டடம் ஒரு செங்கல் நகரவில்லை, மைதானத்து வேப்பமரம் நகரவில்லை, பல்கலைக்கழகம் மட்டும் பஸ் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பி.எட். கல்லூரிகள் 2008இல் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்குப் போயின. புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி 2017இல் வந்தது, அது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். ஆக இன்றைக்கு ஒரே தெருவில் நான்கு பையன்கள் சாயங்காலம் ஒன்றாக வாலிபால் ஆடிவிட்டு, மறுநாள் காலை நான்கு வெவ்வேறு பல்கலைக்கழகப் போட்டிக்கு நான்கு பஸ் ஏறலாம். அவர்கள் நால்வரும் ஒரே அணியில் ஆட ஒரே வழிதான் உண்டு, ஊர்த் திருவிழா டோர்னமென்ட்.

சேர்க்கைக் கட்டணம்: யானை முறை

புதிய இடத்தில் சேர என்ன கொடுக்கவேண்டும் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் டல்லஸ் நகரத்து எஸ்.எம்.யு. பல்கலைக்கழகம் அட்லாண்டிக் கரை அமைப்பில் சேர்வதற்காக, ஒன்பது வருஷத்துக்கு டி.வி. வருமானத்தில் பங்கே வேண்டாம், சேர்த்துக்கொண்டால் போதும் என்றது. இது பெண் கொடுப்பவர் சீரும் கொடுத்துச் சோறும் போட்டு மாப்பிள்ளை கையில் செலவுக்கும் கொடுக்கிற சம்பந்தம். செய்யாதீர்கள்.

புதுக்கோட்டையை ஆண்ட எங்கள் தொண்டைமான்கள் இதைவிட நேர்த்தியாகச் செய்தார்கள். 1803இல் ஆங்கிலேயர்கள் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த பகுதியையும் புதுக்கோட்டைக்குக் கொடுத்தார்கள். லண்டன் மேலிடம் பின்னால் ஒரு நிபந்தனை போட்டது: ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் கட்டவேண்டும். சரி என்று தலையாட்டியாயிற்று. யானை? அவர்களும் வற்புறுத்தவில்லை, இவர்களும் ஞாபகப்படுத்தவில்லை. 1836இல் அந்த யானையை முறைப்படி தள்ளுபடியே செய்துவிட்டார்கள்.

பல்கலைக்கழக விளையாட்டுக் கட்டணத்துக்கும் இந்த முறை பொருந்துமா என்று கேட்டால், பொருந்தாது. பணம் கட்டாத கல்லூரியின் பெயர் ஃபிக்சரிலேயே வராது. ஆனால் மனப்பான்மை பொருந்தும். கூட்டத்தில் என்ன கேட்டாலும் “செஞ்சுடலாம் சார்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் அடுத்த கூட்டத்துக்குள் மாறுதலாகிப் போயிருப்பார்கள்.

பழைய பெருமையை ட்ரங்குப் பெட்டியில் வையுங்கள்

புதிய இடத்தில் வாய் திறக்கும்போது கவனமாக இருக்கவேண்டிய ஒரே வாக்கியம், “நாங்க மெட்ராஸ்ல இருந்தப்போ...” என்பது. எதிரில் இருப்பவரும் மெட்ராசிலிருந்து அதே தேதியில் வந்தவர்தான். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு இடம் மாறியது. கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854இல் தொடங்கியது. இவர்கள் மத்தியில் போய்ப் பழம்பெருமை பேசுவது செட்டிநாட்டு வீட்டில் போய்த் தேக்குத் தூண் காட்டுவதாகத்தான் முடியும்.

பெருமை பேசியே தீரவேண்டுமென்றால் விளையாட்டில் பேசாதீர்கள், முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசுங்கள். புதிய இடத்தில் ஒட்டுவது என்றால் என்ன என்று அந்த அம்மாவைக் கேட்டிருக்கவேண்டும். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் இடம் கேட்டார். கல்லூரியில் எதிர்ப்பு, பையன்களின் பெற்றோர் தரப்பில் எதிர்ப்பு. ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அப்படிச் சேர்ந்தவர் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912இல் டாக்டராக வெளியே வந்தார். 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையில் துணைத் தலைவர். அந்த ஒற்றைப் பெண்ணுக்கு முன்னால், “திருச்சிக்காரங்க நம்மள டிபன்ல கடைசியா உட்கார வைக்கிறாங்க சார்” என்ற நம் புகார் கொஞ்சம் இளைத்துப்போகும்.

ஒரு பரம்பரை எதிரியைப் பிடியுங்கள்

எதிரி இல்லாத அணிக்குக் கூட்டம் வராது. பழைய பல்கலைக்கழகத்தில் எதிரி தானாக அமைந்திருப்பார். புதிய இடத்தில் தேடித்தான் பிடிக்கவேண்டும். திருச்சியின் பெரிய கல்லூரிகளை எதிரி என்று நீங்கள் அறிவித்தால் அவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அங்கே ஜமால் முகமதுவுக்கு நேஷனல், நேஷனலுக்கு ஹீபர், ஹீபருக்கு ஜோசப் என்று ஏற்கெனவே வரிசை நிரம்பியிருக்கிறது. ஒருதலைக் காதல் தெரியும். ஒருதலைப் பகை அதைவிடப் பரிதாபம்.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரிக்கு நான் சிபாரிசு செய்வது தஞ்சாவூர் மன்னர் சரபோஜி கல்லூரி. பெயரிலேயே பொருத்தம்: இந்தப் பக்கம் தொண்டைமான், அந்தப் பக்கம் மராத்தியர். கீழாநிலைக் கோட்டைக்காக இரண்டு அரண்மனையும் அடித்துக்கொண்டது வரலாறு. வருஷா வருஷம் இந்த இரண்டு கல்லூரிக்கும் கபடி வைத்து, ஜெயிக்கிறவருக்குக் ‘கீழாநிலைக் கோப்பை’ கொடுக்கலாம். தோற்றால் கோட்டையைத் திருப்பித் தரவேண்டுமா என்று மட்டும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக அளவில் இன்னும் ஒரு தர்மசங்கடம் உண்டு. 1982இல் திருச்சிக்குப் பாரதிதாசன் என்றால் கோயம்புத்தூருக்குப் பாரதியார். தென் மண்டலப் போட்டியில் இரண்டும் மோதினால் தாசன் குருநாதரை அடிக்கலாமா? தயங்காமல் அடிக்கலாம். குருவை மிஞ்சிய சிஷ்யன் என்றுதான் ஊர் சொல்லும். தோற்றால், குருவுக்கு விட்டுக்கொடுத்தோம் என்று நீங்களே சொல்லிக்கொள்ளலாம். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு இப்படி இரண்டு பக்கமும் மெத்தை போட்டு வைத்திருக்கிறார்கள்?

காரைக்குடியை எதிரியாக்க ஆசைப்படாதீர்கள். திருச்சியைவிடக் காரைக்குடிதான் புதுக்கோட்டைக்குப் பக்கம், ஆனால் அது அழகப்பா பல்கலைக்கழகம், 1985. பக்கத்து வீட்டுக்காரரோடு போட்டி போடக் கூடாது, அறுபது கிலோமீட்டர் போய்த் தெரியாதவரோடுதான் போடவேண்டும் என்பது பல்கலைக்கழக விதி.

ஃபிக்சர் மேசை

இந்தக் கையேட்டில் மற்றதையெல்லாம் மறந்துவிட்டாலும் இந்தப் பகுதியை மறக்கவேண்டாம். புதிய இடத்தில் நீங்கள் ஒட்டிவிட்டீர்களா இல்லையா என்பதைக் கோப்பை சொல்லாது. ஃபிக்சர் தாள் சொல்லும்.

நாக்-அவுட் போட்டிக்கு 13 கல்லூரிகள் வருகின்றன என்று வையுங்கள். இரண்டின் அடுக்காக மேலே உள்ள எண் 16. பதினாறில் பதின்மூன்று போக மூன்று ‘பை’. அதாவது மூன்று அணிகள் முதல் சுற்றில் வியர்வை சிந்தாமலேயே இரண்டாம் சுற்றுக்குப் போகும். இந்தப் பையை எங்கே வைப்பது என்பதற்கு உடற்கல்விப் படிப்பில் ஒரு வாய்ப்பாடு உண்டு: முதல் பை கீழ்ப் பாதியின் கடைசிக்கு, இரண்டாவது மேல் பாதியின் முதலுக்கு, மூன்றாவது கீழ்ப் பாதியின் முதலுக்கு, நான்காவது வந்தால் மேல் பாதியின் கடைசிக்கு. பி.டி.க்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

வாய்ப்பாட்டில் குறையே இல்லை. எந்தக் கல்லூரியின் சீட்டு எந்த இடத்தில் விழுகிறது என்பதில்தான் விஷயம். போன வருஷம் ஜெயித்தவரும் ரன்னரும் ஆளுக்கொரு பாதியில் பத்திரமாக உட்காரவைக்கப்படுவார்கள். அது நியாயம். மற்றவர்களுக்குச் சீட்டு குலுக்கவேண்டும். குலுக்கும்போது அந்த மேசையைச் சுற்றி எத்தனை பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள், அதில் உங்கள் ஆள் இருந்தாரா என்பதைப் பொறுத்து, உங்கள் முதல் ஆட்டம் பத்து மணிக்கா ஆறரை மணிக்கா, எதிரே போன வருஷத்துச் சாம்பியனா இன்னொரு புது அணியா என்பது அமையும். சூழ்ச்சி என்று சொல்லமாட்டேன். தூரத்திலிருந்து வருகிற அணியை ஆறரை மணிக்குப் போட்டால் அது வராமல் போகலாம், வராவிட்டால் வாக் ஓவர், வாக் ஓவர் என்றால் எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றாது என்றும் சொல்லமாட்டேன்.

ஆகவே செய்யவேண்டியது: ஃபிக்சர் போடும் கூட்டத்துக்கு ஆள் அனுப்பாமல் இருக்காதீர்கள். “நாளைக்கு டீமோட வந்துடறோம், ஃபிக்சர் நீங்களே போட்டுருங்க சார்” என்று போனில் சொல்லும் பெருந்தன்மை உங்களுக்கு வேண்டாம். ஆரம்பத்தில் பேசாமல் மேசையோரம் நில்லுங்கள். நாளடைவில் சீட்டு மடித்துக் கொடுங்கள். அப்புறம் பேனா உங்கள் கைக்கு வரும். “உங்க கையெழுத்து நல்லாருக்கு, நீங்களே எழுதுங்க” என்று யாராவது சொல்லுவார்கள். அன்றைக்கு நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆள். மெட்ராசில் நூறு வருஷம் இருந்தும் சேப்பாக்கத்து மேசையில் நமக்கு எட்டாத பேனா அது. புதிய இடம் சிறிய இடம் என்பதன் முழு லாபமும் இதில்தான் இருக்கிறது. மாநிலத்தின் பெரும்பகுதிக் கல்லூரிகளோடு முண்டிப் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிப்பது வேறு, அன்றைய மூன்று மாவட்டத்தோடு முண்டுவது வேறு. பையனுக்கு வேண்டியதும் அதுதான். பல்கலைக்கழக அணிக்கு ஆடினால் கிடைக்கிற ‘ஃபார்ம் 3’ சான்றிதழ், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பேசும். அதில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது என்று அவன் அம்மா பார்க்கப்போவதில்லை.

பஸ், எடை மெஷின், மேட்

பாரதிதாசன் பல்கலைக்கழக வளாகம் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே அந்தச் சாலையிலேயே இருக்கிறது. தூரம் நமக்குச் சாதகம் என்று தோன்றும். போட்டி வளாகத்தில் நடந்தால்தானே? தஞ்சாவூரில் நடக்கும், பூண்டியில் நடக்கும், கும்பகோணத்தில் நடக்கும். திருச்சி என்றால் பையன்களை டி.வி.எஸ். டோல்கேட்டில் இறக்கிவிடுவதா, உள்ளே போய் இறக்குவதா என்பதை முதல் நாளே கண்டக்டரோடு பேசி முடியுங்கள். கீரனூரில் டீக்கு நிறுத்தும் பஸ்ஸில் அணியை ஏற்றாதீர்கள். பன்னிரண்டு பேர் இறங்கினால் பதினொரு பேர்தான் திரும்ப ஏறுவார்கள். பன்னிரண்டாவது ஆள்தான் உங்கள் ரெய்டர்.

கபடிக்கு எடை பார்ப்பார்கள். உங்கள் பையன் ஒருவன் வரம்புக்கு அரைக் கிலோ மேலே இருப்பான். முந்தின நாள் ராத்திரி எதிரே முட்டை மாஸும் பரோட்டாவும் இருக்க, அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பான். விடிகாலையில் ஸ்வெட்டர், அதன்மேல் ட்ராக் சூட், அதன்மேல் இன்னொருவனுடைய ட்ராக் சூட் என்று போட்டுக்கொண்டு மைதானத்தை முப்பது சுற்று ஓடுவான். மெஷினில் ஏறும்போது ஜட்டியோடு நிற்பான், மூச்சை இழுத்துப் பிடித்திருப்பான், மூச்சுக்கு எடை இருப்பது மாதிரி. முள் நின்றதும் பங்காளிகள் நாலு பேர் “மாப்ள பாஸுடா!” என்று கத்திக்கொண்டு வாழைப்பழச் சீப்போடு பாய்வார்கள். இந்த இடத்தில் பி.டி. செய்யவேண்டியது, அடுத்த ஆட்டம் ஒரு மணி நேரத்தில் என்பதை ஞாபகப்படுத்திச் சீப்பைப் பிடுங்குவது.

மேட் என்பது இன்னொரு விவகாரம். எங்கள் மாவட்டத்துப் பையன் செம்மண்ணில் பழகியவன். சரளைக்கல் முழங்காலில் எழுதிய எழுத்தை வைத்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். வெறுங்காலில் மண்ணைப் பற்றிக்கொண்டு சங்கிலிப் பிடி போடுவான். அவனை ஷூ மாட்டி மேட்டில் ஏற்றினால் முதல் பத்து நிமிஷம் கோயில் கருவறைக்குள் செருப்போடு நுழைந்தவன் மாதிரி தயங்குவான். மேட் வாங்கக் காசு இல்லையே என்று உட்காராதீர்கள். மேட் வைத்திருக்கிற கல்லூரியோடு ‘நட்புமுறை ஆட்டம்’ கேளுங்கள். நட்புக்கு நட்பு, பயிற்சிக்குப் பயிற்சி. பூப்பந்து அணி இருந்தால் இந்தக் கவலையே இல்லை. தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த ஆட்டம், மண்ணிலேயே நடக்கும், கம்பளி நூல் பந்து. வடநாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு அது என்ன ஆட்டம் என்று விளக்குவதற்குள் நீங்கள் ஒரு செட் ஜெயித்துவிடலாம்.

போட்டியை உங்கள் ஊருக்கு இழுத்து வாருங்கள்

ஒட்டுவதற்குக் குறுக்கு வழி இது ஒன்றுதான். ஒரு வருஷமாவது மண்டலப் போட்டியை நீங்கள் நடத்துங்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை. சாப்பாடு கோணக் கூடாது. வந்தவர்கள் யார் ஜெயித்தார்கள் என்பதை மறப்பார்கள். மதியம் ரசம் தீர்ந்துபோனதை ஓய்வு பெறும் வரை சொல்லுவார்கள். நடுவர்களுக்குத் தனிப் பந்தி போடுங்கள், ஆனால் தனிச் சமையல் வேண்டாம். பையன்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கும்பகோணத்துக்காரர்களுக்குக் காபியை நீங்கள் போடாதீர்கள். வெளியே நல்ல கடையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பரிசளிப்புக்கு யாரைக் கூப்பிடுவது என்று குழம்புவீர்கள். நான்கு எம்.பி. இருக்கிற மாவட்டத்தில் ஒருவரைக் கூப்பிட்டால் மூவர் கோபிப்பார்கள் என்று பயப்படவேண்டாம். நான்கு பேரையும் கூப்பிடுங்கள். ஒவ்வொருவரும், மற்ற மூவரில் ஒருவர் போவார் என்று இருந்துவிடுவார்கள். கல்லூரி முதல்வரே கோப்பையைக் கொடுத்து நாலரை மணிக்குள் விழாவை முடித்துவிடலாம். வெளியூர் அணிகள் கடைசி பஸ்ஸைப் பிடித்த நன்றியை என்றைக்கும் மறக்கமாட்டார்கள்.

ஜனவரியில் மட்டும் போட்டி வைக்காதீர்கள். தச்சங்குறிச்சியில் வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் திறந்துவிட்டால் உங்கள் அணியில் பாதி அங்கே நிற்கும். அந்தப் போட்டியில் திருச்சி மாடு, தஞ்சாவூர் மாடு, திண்டுக்கல் மாடு எல்லாம் ஒரே வாடிவாசல் வழியாகத்தான் வருகின்றன. எந்தப் பல்கலைக்கழகம் என்று மாட்டிடம் யாரும் கேட்பதில்லை. கேட்கிற தைரியமும் இல்லை.

அடுத்த மாற்றத்துக்குத் தயாராகுங்கள்

2021இல் விழுப்புரத்தில் ஒரு புதுப் பல்கலைக்கழகம் அறிவிக்கப்பட்டு, அதே வருஷம் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட்டது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக் கல்லூரிகளின் பி.டி.க்கள் அந்த ஒரு வருஷத்தில் எத்தனை ரப்பர் ஸ்டாம்ப் செய்தார்களோ. உங்களுக்கும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். புதுக்கோட்டை நகராட்சி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சிக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று யாராவது மேடையில் பேசத் தொடங்குவதற்குள் சில முன்னேற்பாடுகளைச் செய்துவையுங்கள்.

எலிஜிபிலிட்டி ஃபார்மைப் பல்கலைக்கழகப் பெயர் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டு ஜெராக்ஸ் எடுங்கள். ஸ்டாம்ப்பில் கல்லூரிப் பெயரும் ஊரும் போதும். பனியனில் பல்கலைக்கழகப் பெயரைப் பிரின்ட் போடச் சொல்லாதீர்கள். தனித் துணியில் அடித்து முதுகில் நாலு மூலையும் தையல் போடச் சொல்லுங்கள், பிரிப்பது சுலபம். பழைய துணிகளைத் தூக்கிப் போடவேண்டாம். பொறியியல் கல்லூரிக்காரர்கள் 2007இல் மாற்றிய பெயர் 2012இல் திரும்பி வந்தது. அளவும் எழுத்தும் சரியாக இருந்தால் அதையே மறுபடி தைத்துக்கொள்ளலாம். தையல்காரருக்குப் பனியனுக்குப் பத்து ரூபாய் பேசுங்கள், பன்னிரண்டு கேட்பார்.